நான்காம் மாடிக்குப் போன அக்கா

தீர்ப்பு வந்த புதன்கிழமை காலை பதினொன்றரை மணியிலிருந்து, தையற்கடைக்காரியை யார் 'அக்கா' என்று கூப்பிட்டாலும் அது அவள் காதில் விழவில்லை. நாலு தெரு தள்ளி, ஆயத்த ஆடை நிறுவனத்தின் நான்காம் மாடியில் போய் விழுந்தது. அந்தச் சொல்லோடு சேர்த்துச் சொன்னதெல்லாம் ஊசிக்குப் பின்னால் நூல் போவதுபோல அதன் பின்னாலேயே போயிற்று. முதலில் போய்ச் சேர்ந்தது பழக்கடைக்காரரின் குரல். "அக்கா, ஜிப்பு மறுபடியும் வாயப் பொளந்துடுச்சு, கொஞ்சம் பாருங்களேன்." நான்காம் மாடியில் வேலை செய்த பதினாறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலாளர் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

நிறுவனம் பெண்களுக்கான உடை வரிசை ஒன்றுக்கு 'அக்கா' என்று பெயர் வைத்து, அந்தச் சொல்லை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்திருந்தது. எந்தெந்தப் பயன்பாட்டுக்கு என்று கேட்ட கட்டத்தில் உடை, தையல், திருத்தம் என்று எழுதிய பிறகும் இடம் மீதி இருந்ததால், வக்கீலின் குமாஸ்தா 'மற்றும் எல்லா வகையிலும்' என்று எழுதி நிரப்பினார். பதிவகம் அதைத் தன் இதழில் வெளியிட்டு, ஆட்சேபம் உள்ளவர்கள் நாலு மாதத்துக்குள் சொல்லலாம் என்றது. அந்த இதழை யாரும் படிப்பதில்லை, நேராகப் பழைய தாள் கடைக்குப் போகும். தையற்கடைக்காரி அளவுத் தாள் வாங்குவதும் அதே கடையில்தான். அறிவிப்பு வந்திருந்த பக்கத்தை அவளே காலர் அளவுக்கு வெட்டி, ஆணியில் மாட்டி, அதை வைத்து ஏழு மாதமாகச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பலகையிலிருந்து அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு, அவளுடைய தம்பிதான் அதை ஆணியிலிருந்து எடுத்துப் படித்தான். அதற்குள் நாலு மாதம் எப்போதோ முடிந்திருந்தது.

'அக்கா தையலகம்' என்ற பலகை பத்தொன்பது வருஷமாகத் தொங்குகிறது, பெயர் எங்களுடையதுதான் என்று அவள் வழக்காடினாள். பழைய ரசீது ஒன்றாவது காட்டுங்கள் என்றார்கள். அவளோ ரசீது எழுதுகிற வழக்கமே இல்லாதவள். துணியின் ஓரத்தில் விரலளவு கத்தரித்து, அந்தத் துண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை உடையில் குத்தி, மறு பாதியைக் கொடுத்தவர் கையில் வைப்பாள். திரும்ப வரும்போது இரண்டு வெட்டும் பொருந்தினால் உடை அவருடையது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு சட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை. ஆனால் எந்தத் துண்டிலும் கடைப் பெயர் கிடையாது.

"எத்தன வருஷமா உங்களுக்கு இந்தப் பேரு?" என்று நீதிபதி கேட்டார்.

"தம்பி பொறந்ததுலேர்ந்துங்க. முப்பத்தோரு வருஷம்."

"அதுக்கு ஆதாரம்?"

அவள் தம்பியைக் காட்டினாள். பஸ் ஓட்டுகிற அவன் சீருடையோடு எழுந்து நின்றான். நீதிபதி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆதாரம் நல்ல ஆதாரம்தான், ஆனால் ஆவணமாக இல்லை என்று குறித்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே அவள் ஏணி போட்டு ஏறி, பலகையில் அந்த ஒரு சொல்லின் மேல் வெள்ளைத் துணியை நாலு ஓரமும் மடித்துத் தைத்து மூடினாள். இறங்கி வந்து, வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்காக மெஷினை அப்படித்தான் போட்டிருந்தாள், முதுகு எப்போதும் தெருப் பக்கம். வருகிறவர்கள் வாசலில் நின்று கூப்பிடுவார்கள், அவள் திரும்புவாள். இப்போது கூப்பிட்டவர்களின் வாய் அசைந்ததே தவிர, கடைக்குள் ஒன்றும் வரவில்லை. மேடம் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், டெய்லரம்மா என்றார்கள். அதெல்லாம் கேட்டது, ஆனால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். மேசையைத் தட்டினார்கள். திடுக்கிட்டு இரண்டு தடவை ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டபின், மேசையைத் தட்டாதீர்கள் என்று எழுதி ஒட்டினாள். அக்காவுக்கு வழக்கில் தோற்ற கோபம், முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று தெருவில் பேச்சானது. பள்ளி திறக்கிற பருவத்தில்கூட முப்பது கொக்கியில் ஆறில்தான் உடை தொங்கியது. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் தம்பி எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை. அவன் பேசினால் முதல் சொல்லே அதுதான். முப்பத்தோரு வருஷப் பழக்கம், மாற்ற முடியவில்லை. அதனால் அவன் பேசுகிற எதுவுமே அவளுக்குக் கிடைக்காமல் போயிற்று. "பேரத்தான் எடுத்துக்கிட்டாங்கன்னு பாத்தா, உன்னையும்ல சேத்து எடுத்துக்கிட்டாங்க" என்றாள். அவன் ஏதோ பதில் சொன்னான். அது நான்காம் மாடியில் கேட்டது.

அங்கே ஒரு நாளைக்கு எழுபது, எண்பது குரல் வந்தது. வரவேற்பறைப் பெண் பழகிப்போய், போகிற போக்கில் பதில்கூடச் சொல்லிவந்தாள். இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "அக்கா, தண்ணி" என்று ஓர் ஆண் குரல் வந்தது.

"யாரோ தண்ணி கேக்குறாங்க சார்" என்றாள்.

"காலையிலதான் ரெண்டு கேன் வந்துச்சே, குடு" என்றார் மேலாளர், தலையைத் தூக்காமல்.

மூன்றாவது தடவை அந்தக் குரல் பாதியிலேயே நின்றது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் வருகிற தம்பியின் குரல் அது என்று வரவேற்பறைப் பெண்ணுக்கு அப்போதுதான் பிடிபட்டது. வக்கீல் நோட்டீஸுக்கு உறை எழுதியவள் அவள்தான். கடையின் தொலைபேசி எண் அவளிடம் இருந்தது.

"கம்பெனிலேர்ந்து பேசுறேங்க."

"அதான் துணியப் போட்டு மூடிட்டேனே, இன்னும் என்ன?"

"அதில்லீங்க. உங்க தம்பி தண்ணி கேக்குறாரு. மூணு தடவ கேட்டுட்டாரு."

தம்பி மாடி அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தான். அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். ரிசீவர் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து அவள் வந்து எடுத்தபோது அந்தப் பெண் இன்னும் இணைப்பில்தான் இருந்தாள்.

"குடிச்சாரா?"

"குடிச்சான்."

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. குரல் வந்தால் வரவேற்பறைப் பெண் கடைக்குப் போன் போடுவாள்: "உங்களுக்குத்தாங்க. நீலச் சட்டைக்காரர் பட்டன் ஆச்சான்னு கேக்குறாரு. முதல்ல திரும்பிப் பாருங்க, வாசல்லதான் நிக்கிறாரு." கொக்கிகள் மறுபடி நிறைந்தன. சாப்பாட்டு நேரத்தில் தம்பி பேசுவான், தொலைபேசி அடிக்கும், குழம்பில் உப்புத் தூக்கல் என்று செய்தி வரும். நிறுவனமும் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் ஒருத்தியை மட்டும் அப்படிக் கூப்பிட அனுமதிப்பதாக ஒரு தாள் தயாரித்து, கையெழுத்துக்கு மேலாளரையே அனுப்பியது. "என் தம்பி என்னக் கூப்பிட நான் யாருகிட்டங்க அனுமதி வாங்கணும்?" என்று கேட்டு, அவருடைய கோட்டில் தொங்கிய பட்டனைத் தைத்துக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். சொல்லை விட்டுவிட்டால் நாளைக்கு ஆளாளுக்கு வருவார்கள் என்றார் நிறுவனத்தின் வக்கீல். எனவே இரண்டு பக்கமும் இறங்கி வராமல், தொலைபேசி மட்டும் பத்து வருஷம் அடித்துக்கொண்டிருந்தது. அதன் இரண்டு முனையிலும் இருந்த பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. வரவேற்பறைப் பெண் ஒரு தடவைகூட அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அது தன் மேசைக்கே திரும்பி வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பதிவின் ஆயுள் பத்து வருஷம். புதுப்பிக்கிற படிவம் கையெழுத்தாகி வரவேற்பறைப் பெண்ணின் மேசைத் தட்டுக்கு வந்தது, மாலை ஐந்துக்குள் பதிவகத்தில் சேர்க்க வேண்டும். அது பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம். அன்று மத்தியானம் மட்டும் நாற்பத்து மூன்று குரல் வந்தது, நாற்பத்து மூன்றையும் அவள் ஒழுங்காகச் சேர்த்தாள். படிவம் தட்டிலேயே இருந்தது. கேட்டதற்கு, நேரமில்லை சார் என்றாள். உண்மையும் அதுதான். பதிவு காலாவதியாயிற்று. நிறுவனம் அந்த உடை வரிசையை நிறுத்தி, வேறு கட்டடத்துக்குப் போயிற்று.

சொல் திரும்பி வந்தது. ஆனால் பத்து வருஷமாக நடந்த வழியை அதனால் விட முடியவில்லை. வாயிலிருந்து கிளம்பி, நாலு தெரு கடந்து, நான்காம் மாடி ஏறி இறங்கி, ஒன்பது எண்ணுகிற நேரத்தில் கடைக்குள் வந்தது. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினார்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்லிக்கொடுத்தார். தம்பி மேல்படியிலேயே கூப்பிட்டுவிட்டு இறங்குவான். கீழே வந்து நிற்கவும் அவள் திரும்பவும் சரியாக இருக்கும். நான்காம் மாடியில் இப்போது பல் மருத்துவர் இருக்கிறார். "அக்கா, இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்று குரல் கடந்து போகும்போது அவர் கையை அசைப்பதுகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை, கையில் துணியோடு ஒரு பெண் கடை வாசலுக்கு வந்தாள். மேசையைத் தட்டாதீர்கள் என்ற தாளைப் படித்தாள். பிறகு, "அக்கா, ஒரு சட்டை தைக்கணும்" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் எண்ணினாள். ஒன்பதில் தையற்கடைக்காரியின் கால் நின்றது. தையலை ஓரம்வரை கையால் ஓட்டி முடித்து, நூலைக் கத்தரித்து, திரும்பினாள்.

"நீதானா அது? போன் குரல வெச்சு உன்ன ஒல்லியா நெனச்சிருந்தேன்."

துணியை வாங்கி உதறினாள். ஓரத்தில் விரலளவு கத்தரித்து, குறுக்கே வெட்டி, ஒரு பாதியை அவள் கையில் வைத்தாள்.