வெங்காயத் தோலில் கன்னியம்மா பார்த்தது

1

இந்தக் கதை ஒரு கட்டுரையில் மிஞ்சியது. பல்லாவரத்துக்கு மேற்கே ஒரு மிஷன் பெண்கள் பள்ளி 1974-இல் ஆண்டு விழா மலர் போட்டது. 'நம் பள்ளியில் அறிவியல் கல்வி' என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் அறிவியல் படித்தவனில்லை. அதனால்தான் கேட்டிருக்க வேண்டும். விவரம் சேகரிக்க மேற்குத் தாம்பரத்தில் ஞானஜோதி டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் மூன்று மணி நேரம் பேசினார். அதில் மலருக்குப் போனது ஒரே வாக்கியம்: '1967-இல் நுண்பெருக்கி முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது.'

வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. அதில் அடங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"எழுதுறதுன்னா எழுதுங்க. என் பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன். (மாற்றிய பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம்.)

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

'அன்று காலை வானம் இருண்டிருந்தது. ஞானஜோதியின் மனமும்—' நிறுத்திவிட்டேன். அது ஜனவரி மாதம். வெயில் நன்றாக அடித்தது. அவர் மனமும் பதினொரு மணி வரை நன்றாகவே இருந்தது.

'உயிருள்ளவை எல்லாம் செல்களால் ஆனவை.' இது எட்டாம் வகுப்புப் பாடத்தின் முதல் வரி. எனக்கு முன்னால் வேறு யாரோ எழுதிவிட்டார்.

'ஞானஜோதி பதினோரு வருடமாகச் செல் பாடம் நடத்திவந்தார். ஒரு செல்லைக்கூடப் பார்த்ததில்லை.' இது சரியாக இருக்கிறது. இங்கிருந்தே போகலாம்.

3

ஞானஜோதி பதினோரு வருடமாகச் செல் பாடம் நடத்திவந்தார். ஒரு செல்லைக்கூடப் பார்த்ததில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள். இந்தப் பள்ளியிலும் ஒன்று இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. தலைமையாசிரியை சாராள் அம்மாளின் பீரோவில், மரப்பெட்டிக்குள், ஒன்பது வருடமாகப் பூட்டியிருந்தது. உடைந்துவிடும் என்ற பயம்தான். உபயோகித்தால்தானே உடையும்?

(பாடப்புத்தகத்தில் அதன் பெயர் நுண்பெருக்கி. வகுப்பில் மைக்ராஸ்கோப். பியூன் தாவீதுக்கு பூதக்கண்ணாடி. மூன்றுமே பீரோவில்தான் இருந்தன.)

ஆகவே ஞானஜோதி கரும்பலகையில் வரைந்து காட்டுவார். செங்கல் அடுக்கியது போல ஐந்து வரிசை, ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளும் ஒரு புள்ளி. புள்ளிதான் உட்கரு. பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்து, புள்ளிக்குச் சிவப்பு பென்சில் தீட்டுவார்கள். பரீட்சையில் அதையே வரைவார்கள். பத்துக்குப் பத்து. பதினோரு வருடத்தில் ஒருத்தியும் தவறு செய்ததில்லை.

4

1967 ஜனவரியில் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கும் பேச்சு வந்தது. அதுவரை எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்கத் தாம்பரம் போக வேண்டும். பொழிச்சலூர், பம்மல் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேரை எட்டோடு நிறுத்திவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு கிடைக்க வேண்டுமானால் கல்வித் துறை அதிகாரி வந்து பார்த்து, 'ஆய்வுக்கூட வசதி உண்டு' என்று எழுத வேண்டும்.

ஆய்வுக்கூடம் என்று அறை ஏதும் இல்லை. சாராள் அம்மாள் பீரோவைத் திறந்தார்.

"ஜோதி, நாளைக்கு ஆபீசர் வர்றப்ப எயித் ஸ்டாண்டர்டுல வெங்காயத் தோல் காட்டிடு."

"மேடம், நான் இதுவரைக்கும் இதைத் தொட்டதே இல்லையே."

"நானும்தான். புஸ்தகத்துல போட்டிருக்கும், பார்த்துக்கோ."

புத்தகத்தில் போட்டிருந்தது. மறுநாள் ஞானஜோதி அதன்படியே செய்தார். வெங்காயத்தின் உள்தோலை உரித்து, கண்ணாடித் துண்டில் சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன்மேல் பரப்பி, கீழே உள்ள கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. திருகைத் திருகினார். அப்போதும் அதே சாம்பல். இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறு செல் எதுவும் இல்லை.

நிமிர்ந்தபோது அதிகாரி கஸ்தூரிரங்கன் வாசலில் நின்றார்.

"தெரிகிறதா?"

"தெரியுது சார்."

5

(கஸ்தூரிரங்கனைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் படியில் அவருக்கு நான் பெரிய மீசையும் அதட்டல் குரலும் கொடுத்திருந்தேன். ஞானஜோதி படித்துவிட்டு அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். "அவர் நல்ல மனுஷர். பொண்ணுங்க படிக்கணும்னு நிஜமாவே நினைச்சவர்" என்றார். மீசையை எடுத்துவிட்டேன். நல்ல மனிதரை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.)

நாற்பத்திரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் ஐந்து எண்ணும் நேரம் பார்க்கலாம். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், "தெரியுது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் பார்த்த ரத்தினபாய், "உட்கருகூட நல்லா தெரியுது டீச்சர்" என்றாள். பின்னால் வந்தவர்களும் அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கன்னியம்மாவிடம் வரிசை நின்றுபோனது. பொழிச்சலூரிலிருந்து நடந்து வருகிற பெண். அம்மா கல்லுடைக்கப் போகிறவள். குனிந்தவள் நிமிரவே இல்லை. எண்ணிக்கை ஐந்தைத் தாண்டிப் பதினைந்துக்குப் போயிற்று.

"என்னம்மா தெரிகிறது?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"வேர் மாதிரி கீது சார். நூலு நூலா, கிளை விட்டுகினு."

"செங்கல் மாதிரி இல்லையா?"

"இல்லீங்க."

"உட்கரு?"

"புள்ளியா? புள்ளி இன்னா, ஒண்ணுமே இல்லீங்க சார்."

வகுப்பு சிரித்தது. சாராள் அம்மாள் ஞானஜோதியைப் பார்த்தார். கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்து, "நன்றாகத் தெரிகிறது" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் உண்மையில் என்ன பார்த்தார், வரப்போகிற ஒன்பதாம் வகுப்பைப் பார்த்தாரா, என்னால் சொல்ல முடியவில்லை.

6

பார்த்ததை வரையச் சொன்னதில் நாற்பத்தொரு நோட்டில் செங்கல். ஒரு நோட்டில் வேர். ஞானஜோதி வேருக்குப் பூஜ்யம் போட்டார். பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'பார்த்ததை வரைய வேண்டும்.'

(இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் செய்திருக்க மாட்டேன்.)

அதோடு விடவில்லை. அதிகாரி முன்னால் மானம் போனதற்குக் கோபம் இருந்தது. "பெரியவங்க எதிர்ல பொய் பேசக் கூடாது" என்று சொல்லி அந்தப் பெண்ணை வராந்தாவில் நிற்க வைத்தார். கன்னியம்மா அழவில்லை. ஒரே ஒரு தடவை, "நான் பொய் சொல்லல டீச்சர்" என்றாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

7

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஞானஜோதி சும்மா ஒரு தடவை குனிந்து பார்த்தார். வேர் தெரிந்தது. நூல் நூலாக, கிளை விட்டு. கண்ணைச் சாய்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது.

அப்புறம்தான் கவனித்தார். அடியில் வெங்காயத் தோல் இல்லை. கண்ணாடித் துண்டே இல்லை.

'அவர் நெஞ்சு திடுக்கிட்டது' என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் சொன்னது: "நாற்காலியில உட்கார்ந்தேன். தாவீது வந்து கதவைப் பூட்டணும்னார். 'பூட்டுங்க'ன்னு சொல்லிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்."

8

சனிக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனார். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் எலியேசர் என்பவர் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தார். ஞானஜோதியின் திருச்சபைக்காரர். எலியேசர் குழாயின் மேல் பக்கத்து லென்ஸை விரலால் சுற்றினார்.

"இப்ப பாருங்கக்கா. சுத்துதா?"

வேர் சுற்றியது.

"பூசணம். ஒன்பது வருஷம் காத்தில்லாம பூட்டி வெச்சா என்ன ஆகும்? மேல் லென்ஸ்ல பூத்திருக்கு. கீழ் லென்ஸ் சுத்தமா மங்கிப்போச்சு. இதுல வெங்காயமும் தெரியாது, யானையை வெச்சாலும் தெரியாது."

"யாருக்குமே தெரிஞ்சிருக்காதா?"

"எப்படிக்கா தெரியும்? பூசணம் மட்டும் தெரிஞ்சிருக்கும், பொறுமையா பார்த்திருந்தா."

அவர் ஒரு லென்ஸைத் துடைத்து, இன்னொன்றுக்குப் பதிலாகப் பழைய கருவி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டித் தந்தார். "போட்டுப் பார்த்துட்டுப் போங்களேன், இலை ஒண்ணு பறிச்சிட்டு வரேன்" என்றார். ஞானஜோதி வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணுக்கு முன்னால நான் பார்க்கிறது முறையில்லைன்னு பட்டுது" என்றார்.

9

திங்கட்கிழமை காலை சாராள் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ரிப்போர்ட் போயாச்சு ஜோதி. 'கருவி நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதியிருக்கார். இப்ப நாம இல்லைன்னு எழுதினா நைன்த் போச்சு. அந்தக் கன்னியம்மாவுக்கும் சேர்த்துத்தான்."

"தெரியும் மேடம்."

"இப்ப கருவி எப்படி இருக்கு?"

"சரியாயிருக்கு."

"அப்ப ரிப்போர்ட்டும் சரியாயிருக்கு" என்றார் சாராள் அம்மாள். "கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டார், அவ்வளவுதான்."

(வாசகர் இதில் ஒரு பக்கம் சேரலாம். நான் மூன்று தடவை பக்கம் மாறினேன்.)

10

அன்று மாலை ஞானஜோதி பொழிச்சலூருக்கு நடந்தார். வீட்டு வாசலில் கன்னியம்மாவின் அம்மா அம்மணி வேலைக்குப் போய்த் திரும்பி, காலில் படிந்த கல் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா பக்கத்தில் நின்றாள். அவள் காலிலும் தூசி.

"இன்னா டீச்சரம்மா, வூட்டாண்ட வந்துகிறே? இது எதுனா திருடிட்டு வந்துச்சா?"

"இல்லம்மா."

"பின்ன? பொய் சொன்னான்னு வெளியில நிக்க வெச்சியாமே. ஏம்மா, எம்மாம் பொய்யி சொல்லிச்சு அது? நம்ம வூட்ல பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் கல்லு ஒடைக்கிறேன்?"

ஞானஜோதி பெண்ணிடம் சொன்னார்: "கன்னியம்மா, நீ சொன்னதுதான் சரி. லென்ஸ்ல பூசணம் இருந்துது. நீ பார்த்தது அதைத்தான்."

கன்னியம்மா யோசித்தாள்.

"அப்ப மத்ததுங்க பார்த்தது இன்னா டீச்சர்?"

"புஸ்தகம்."

"அந்த சாரு?"

"அது அவருக்குத்தான் தெரியும்."

"நீங்க?"

"நானும்தான்."

அம்மணி சொம்பைக் கீழே வைத்தாள். டீச்சர் தன் பெண் முன்னால் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "சர்தான், வுடும்மா" என்றாள்.

கன்னியம்மா விடவில்லை. "என்னைப் பொய்யின்னு கிளாஸ்ல சொன்னீங்க. இத வூட்டாண்ட சொல்றீங்க."

11

இந்த இடத்தில் சில முடிவுகள் கிடைக்கின்றன. மலர்க்குழு படித்திருந்தால், கன்னியம்மா பெரிய விஞ்ஞானியாகி வெளிநாடு போனாள் என்று முடிக்கச் சொல்லியிருக்கும். ஆகவில்லை. பள்ளிக்குத் திரும்பினாள், ஜூனில் வந்த ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள், பதினொன்று வரை படித்தாள், அறிவியலில் அறுபத்தொரு மார்க். இன்னொரு முடிவில் ஞானஜோதி துறைக்கு எல்லாவற்றையும் எழுதி வேலையை விடுகிறார். அவர் விடவில்லை. வீட்டில் இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை வகுப்பில் மைக்ராஸ்கோப்பை மேஜையில் வைத்துவிட்டு ஞானஜோதி கேட்டார்: "அன்னிக்கு இதுல செங்கல்லைப் பார்த்தவங்க கை தூக்குங்க."

நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன.

"நான் பார்க்கலை" என்றார் ஞானஜோதி. "எனக்கு ஒண்ணுமே தெரியலை. தெரியுதுன்னு சொன்னேன். கன்னியம்மாவைப் பொய்க்காரின்னு சொன்னேன். பொய் சொன்னது நான்."

ஒரு கை இறங்கியது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. ரத்தினபாய் மட்டும் கையை இறக்கவில்லை. தான் பார்த்ததாகவே இன்றைக்கும் சொல்கிறாளாம். இப்போது அவளும் அறிவியல் டீச்சர்.

12

ஞானஜோதி வெங்காயத்தை உரித்தார். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "வா கன்னியம்மா, நீ முதல்ல பாரு" என்றார்.

கன்னியம்மா எழுந்து வந்தாள். மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"நீங்க பாருங்க டீச்சர். நீங்களும் பார்த்ததில்லையே."

ஞானஜோதி குனிந்தார். திருகைத் திருகினார். அப்போது

அப்போது வெளிச்சத்துக்குள்

கண்ணாடி போல, வரிசை வரிசையாக

இல்லை. என்ன தெரிந்தது என்று அவரைக் கேட்டேன். சொல்ல வாயெடுத்தார், கையால் காற்றில் ஏதோ வரையப் பார்த்தார், விட்டுவிட்டார். "செங்கல் மாதிரின்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். "எங்கேயாவது போய்ப் பாருங்களேன்."

நான் இன்னும் போகவில்லை. தெரிந்த ஒருவர் கல்லூரியில் இருக்கிறார், கேட்டால் காட்டுவார். வாரா வாரம் தள்ளிப்போகிறது. செல் எப்படி இருக்கும் என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். வாக்கியமும் நன்றாகவே வரும்.

ஆகவே கடைசிப் பத்தியை எழுதாமல் விடுகிறேன். ஞானஜோதி குனிந்திருக்கிறார். ஐந்து எண்ணும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது, அவர் நிமிரவில்லை, வரிசையில் நிற்கிற யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. நீங்கள் பார்த்திருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பார்க்காவிட்டால், கன்னியம்மாவுக்குப் பின்னால் நிற்க இடம் இருக்கிறது.