எந்தப் பக்கம் என்கிற கேள்வி

மாம்பழ டிராக்டர்கள் கூழ் ஆலையின் வாசலிலிருந்து புத்தூர் சாலை வளைவு வரைக்கும் நின்றன. பழம் கசிந்து தாரில் ஈ மொய்த்தது. காவல் அறைக்குள் மேனேஜர் நாகபூஷணம் தலையை நீட்டினார்.

"ஏம்மா தாட்சாயணி, உன் சாஃப்ட்வேர் தூங்குதா? மத்யானத்துக்குள்ள லைன் நகரலேன்னா தூக்கிப் போட்டுட்டு பழையபடி நோட்டுல எழுதிக்குவேன்."

வண்டிகளைச் சரிபார்த்து வாசலின் தடுப்புக் கம்பத்தைத் தூக்கும் அது, அவள் தனியாக எழுதிய முதல் புரோகிராம். வரிசையில் அவளுடைய அப்பா, நைனா கன்னையாவும் டிராக்டரில் உட்கார்ந்திருந்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். வண்டி வந்ததும் முதல் நிபந்தனை, நிலம் எந்த மாநிலத்தில்? சொந்த மாநிலத்து விவசாயிக்கு விலை கூடுதல் என்பதால் கேட்க வேண்டியதுதான். ஆனால் பதில் வெளியே எங்கோ இருக்கும் நிலப்பதிவு சர்வரிலிருந்து வர வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்றைய டோக்கனா என்று பார்த்தது. நாளைய டோக்கனோடு இன்றே வந்தவர்கள் பாதிப் பேர். அவர்களும் அந்தப் பதிலுக்காகக் காத்து நின்றுவிட்டுத்தான் திரும்பினார்கள்.

அதை ஏன் முதலில் வைத்தோம் என்று யோசித்தாள். யாரும் சொல்லவில்லை. எல்லை பிரித்தபோது ஆந்திராவில் நின்றுவிட்ட தமிழ் ஊர் அவளுடையது. பள்ளியில், ஹாஸ்டலில், இன்டர்வியூவில், பெயருக்கு முன்பே வந்த கேள்வி அது: நீ எந்தப் பக்கம்? கேட்டுக் கேட்டு, உலகத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று அவளுடைய விரல்களே நம்பியிருந்தன.

அந்த வரிகளை வெட்டிக் கீழே கொண்டுபோனாள். முதலில் டோக்கன். அடுத்து, இவர் போன வருஷமே நம்மிடம் பழம் போட்டவரா? ஆமென்றால் மாநிலம் ஏற்கெனவே பதிவில் இருக்கும், போகலாம். புது ஆளாக இருந்தால் மட்டும் எந்த மாநிலம்.

கம்பம் ஏறியது, இறங்கியது, ஏறியது. வளைவு வரைக்கும் என்ஜின்கள் உறுமின. நாகபூஷணம் தன் டீயை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

கன்னையாவின் முறை வந்தது. வழக்கம்போல, எந்த மாநிலத்து நிலம் என்று காட்டும் நிலப் பாஸ்புக்கை ஜன்னலில் நீட்டினார்.

"இன்னாமே, இத்த வாங்கல?"

"வாணா நைனா. உன்னத் தெரியும்னு சொல்லிச்சி. போய்க்கினே இரு."

"யாரு சொன்னாங்க?"

"நான் எழுதனது."

பின்னால் ஹாரன்கள் அலறின. கன்னையா நகரவில்லை. நீட்டிய கையை மடக்காமல், தலைக்கு மேல் வெயிலில் நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.