கண்ணாடிக் குழாய்க்குள் ரேடியோ

சலூன்காரருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவருடைய வாடிக்கையாளர்கள்தான். கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காது. அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு மூடின குழாய்க்குள் அசையாமல் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

அது சிரிக்கிற நாள் இல்லை. சர்க்கரை வியாதிக்காரருக்குக் கட்டைவிரலில் வந்த புண், எந்த மருந்துக்கும் அடங்காமல் பாதத்துக்கு ஏறியிருந்தது. "புண்ணுக்குப் போற ஆக்சிஜன் பத்தலை," என்றார் டாக்டர். "காத்தழுத்தம் ஏத்தின குழாய்ல படுக்க வெச்சு, சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கிற சிகிச்சை ஒண்ணு இருக்கு. ஹைப்பர்பேரிக்னு சொல்லுவாங்க. இந்த வாரமே ஆரம்பிச்சா கால் தப்பிக்க வழி இருக்கு. இல்லேன்னா கணுக்காலுக்கு மேல எடுக்க வேண்டி வரும்."

"எங்க இருக்கு டாக்டர்?"

"நம்மகிட்ட இல்லம்மா. பக்கத்துல எங்கயாவது இருக்கானு விசாரிச்சுப் பாருங்க."

விசாரிச்சுப் பாருங்களாம். கத்தரிக்காய் என்ன விலை என்பதுபோல! அவள் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். ஒரு கையில் இஸ்திரிப்பெட்டி, மறு கையில் போன். முதலில் கிடைத்த நம்பரில், முகத்துக்கு ஆக்சிஜன் அடித்துப் பளபளப்பாக்குகிறோம் என்றார்கள். அடுத்தது வெல்டிங் சிலிண்டர் விற்கிற கடை. மூன்றாவது இடத்துக்கு நேரிலேயே போனாள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கூடாரம் ஒன்றைக் காட்டி, களைப்பு போகும், தூக்கம் வரும், இளமை திரும்பும் என்று அடுக்கினாள் அங்கிருந்த பெண். "புண் ஆறுமா?" என்று கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. துறைமுகத்தில் முக்குளிப்பவர்களுக்கென்று இதே மாதிரி ஒரு அறை இருந்தது, வெளியாளைச் சேர்க்க மாட்டார்களாம். கடைசியில் ஊரின் மறுகோடியில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் அகப்பட்டது. அதற்குள் யாரோ ஒருத்தருடைய வெள்ளைச் சட்டை தீய்ந்துபோய், முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இடம் கிடைத்தால் போதுமா? பத்து தடவைக்குண்டான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். இன்ஷூரன்ஸ்காரனோ, "பரிசீலனையில இருக்கு மேடம்" என்பதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். புண்ணுக்குத் தெரியுமா பரிசீலனை? அவள் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் பூட்டிக் கிடந்த சலூனுக்கும் நடந்தாள். அப்படி நடந்த ஒரு நடையில்தான் சேர் கண்ணில் பட்டது.

சாதாரண சேரா அது? லீவரை மிதித்தால் ஏறி இறங்குகிற இரும்புச் சேர். அவர் அப்பா வாங்கியது. அதன் கைப்பிடியைத் துடைக்காமல் அவர் ஒரு நாளும் கடை திறந்ததில்லை. அதை வாங்கத் தயாராக, கையில் பணத்தோடு இருந்தது ஒரே ஆள்தான், எதிர்க்கடைக்காரர். அவரும் முடி வெட்டுகிறவர். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். மனுஷன் பேரம் பேசாமல் கொடுத்தார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. புருஷனிடம் இன்ஷூரன்ஸ் பணம் என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதல் நாள் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள். எண்ணெய் கூடாது, செண்ட் கூடாது, க்ரீம் கூடாது, அந்த ஆக்சிஜனுக்குள்ளே ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. "ஏண்டி, எனக்குத் தெரியாதா?" என்றார். ஆனால் அவர் கைக்குத் தெரியவில்லையே! வேலைக்கு நிற்கிற நாளெல்லாம் சவரம் முடிந்ததும் தன் கன்னத்தில் லோஷன், உள்ளங்கையில் மிச்சத்தைத் துடைக்கிற சாக்கில் தலைக்கு நாலு சொட்டு எண்ணெய். அத்தனை வருஷப் பழக்கம், அன்று காலையும் கை தானாகச் செய்துவிட்டது. டாக்ஸியில் அடித்த வாசனையை மருந்து வாடை என்று மனைவி நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் குழாயை இயக்குகிற பெண் கிட்டே வந்து மூக்கைச் சுருக்கினாள்.

"இப்படி உள்ள விட முடியாதுங்க. இன்னிக்கு உள்ள போகலேன்னாலும் பணம் கழிஞ்சிடும்."

மனைவி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். குளியலறையில் உட்கார வைத்து முகத்தையும் தலையையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். முகத்தில் வாடை போய்விட்டது. அடர்த்தியான முடி, எண்ணெயை விடுவேனா என்றது.

"மெஷின் எங்க?" என்றாள்.

எங்கே போனாலும் அவர் பையில் முடிவெட்டுகிற மெஷின் இருக்கும். தன் தலையில் இன்னொருத்தர் கை வைக்க விடாத மனுஷன், தானே எடுத்துக் கொடுத்தார்.

"நெத்தியிலேருந்து பின்னால தள்ளு. அழுத்தாத. ஐயோ, அது காது!"

"வாயை மூடுங்க."

மொட்டைத் தலையை மறுபடி சோப்புப் போட்டு அலசி, இரண்டு துவாலையால் துடைத்தாள். குழாய்க்காரப் பெண் தலையாட்டினாள். பருத்தி அங்கியை மாட்டி, கண்ணாடி மாதிரி தெரிகிற அந்த நீளக் குழாய்க்குள் அவரைத் தள்ளிக் கதவைப் பூட்டினாள். உஸ்ஸென்று காற்று ஏறியது. உள்ளே இருப்பவரோடு பேசுவதற்கு வெளியே ஒரு போன் இருந்தது.

கொஞ்ச நேரம்தான். "காது அடைக்குது. எனக்கு முடியல. வெளிய எடுக்கச் சொல்லு."

"எச்சி முழுங்குங்க."

"நெஞ்சு படபடங்குது. இன்னொரு நாள் பாத்துக்கலாம். இன்ஷூரன்ஸ் பணம்தானே, ஓடியா போகும்?" கண்ணாடியை உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார்.

"பயம்தான், வேற ஒண்ணுமில்ல," என்றாள் குழாய்க்காரப் பெண், மீட்டரைப் பார்த்தபடி. "ரொம்ப முடியலேன்னா மெதுவா இறக்கிடுவேன், ஆனா இன்னிக்கு அவ்வளவுதான். ஏதாவது பேசுங்க, கவனம் திரும்பட்டும்."

என்ன பேசுவாள்? கல்யாணம் ஆன நாளிலிருந்து பேசினதெல்லாம் அவர். இவள் உம் கொட்டினதோடு சரி. உள்ளே மொட்டைத் தலை இப்படியும் அப்படியும் புரண்டது. அந்தப் பெண்ணின் கை காற்றை இறக்குகிற திருகுகிட்டே போனதைப் பார்த்ததும் இவளுக்கு வாய் திறந்துகொண்டது.

"இன்ஷூரன்ஸ் வரலீங்க. சேரை வித்துட்டேன். உங்க அப்பா சேரை. அந்தக் காசுலதான் நீங்க இப்ப படுத்திருக்கீங்க."

தட்டுவது நின்றது.

"யாருக்கு?"

"எதிர்க்கடைக்கு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய் அசையவில்லை. இவ்வளவு வருஷமும், ஒரு நாள் இந்த மனுஷன் சும்மா இருக்க மாட்டாரா என்று ஏங்கினவள்தான் இவள். கிடைத்தபோது தாங்க முடியவில்லை. கண் முட்டிக்கொண்டு வந்தது. மீட்டர் முள் வேண்டிய அழுத்தத்தில் வந்து நின்றது. அந்தப் பெண் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

"திட்டவாவது திட்டுங்களேன்," என்றாள். "தெரு முழுக்கக் கேட்கட்டும். உங்க காலுக்காகத்தான் வித்தேன். எனக்கு வேற வழி தெரியலை."

அவர் கால் பக்கம், கட்டுப் போட்ட பாதத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு போன் கரகரத்தது.

"அந்த லீவர் அப்பப்ப இறுகிக்கும். எண்ணெய் விடணும். சொன்னியா அவன்கிட்ட?"

"சொல்லலீங்க."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார். "கால் ஆறட்டும். நானே நடந்து போய்ச் சொல்லிக்கிறேன்."