மரியமலரின் வெண்புகை

கடந்த ஆண்டு தை மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு, திருகோணமலை உட்துறைமுக வீதியில் வசிக்கும் மரியமலரின் வாயிலிருந்து வெண்ணிறப் புகை வெளிவரத் தொடங்கியது. அவர் அப்பொழுதுதான் படுக்கையிலிருந்து எழுந்திருந்தார். “தேத்தண்ணி போடட்டோ?” என்று கணவரைக் கேட்டபோது, கேள்வியுடன் புகையும் வந்தது. கணவர் பேணாட், வீட்டோடு ஒட்டிய பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கார் திருத்துபவர். வாகனத்தின் பின்னால் நின்று புகையைப் பார்த்தே பழுதைச் சொல்லிவிடுவார். கரும்புகை எனில் எரிபொருள் மிகுதி; நீலப்புகை எனில் எஞ்சின் ஒயில் எரிகிறது; வெண்புகை எனில் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது. அவர் அஞ்சியது மூன்றாவதற்கு மட்டுமே. அத்தகைய கார்க்காரர்களிடம், “இனி ஸ்டார்ட் பண்ணாதேங்கோ, இன்னொருக்கா ஓடினால் எஞ்சின் முடிஞ்சுது” என்பார். அவ்வார்த்தைகள் அன்று அவருடைய நெஞ்சிலேயே இறங்கின.

குளிரூட்டிய அறையில் பரிசோதித்த மருத்துவர், புகையை விலக்கிக்கொண்டு, நுரையீரல் சுத்தம் என எழுதிக் கொடுத்தார். பேணாட் அதனை நம்பவில்லை. மனைவியைக் கதிரையில் இருத்தி, தலையில் ஈரத் துவாயிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார். குசினிச் சமையல், கோயில், உரத்த பேச்சு யாவும் தடைசெய்யப்பட்டன. புகையோ நாளுக்கு நாள் தடித்தது. ஒன்பதாம் நாள் சுவரிலிருந்த கலண்டர் தெரியவில்லை. பட்டறைக்கு வந்த வாகனங்கள் திருப்பியனுப்பப்பட்டன. மணிக்கொரு தடவை புகைக்குள் கைவிட்டு மனைவியின் நாடியைத் தேடினார்.

ஓட்டோ ஓட்டும் ஹஸ்மி சன்னலால் எட்டிப் பார்த்து, “அண்ணன், அக்காவைப் புகைச் சோதனைக்குக் கொண்டு போனா கட்டாயம் பெயில்தான்” என்றான். மரியமலர் சிரித்தார், சிரிப்பின் அளவுக்குப் புகை வீதிக்குச் சென்றது. பேணாட் கைகூப்பினார். “சிரிக்காதையப்பா. உள்ளுக்குத் தண்ணி இறங்குது.”

பதினோராம் நாட் காலை மரியமலர் துவாயை எறிந்துவிட்டு எழுந்தார். “கழட்டிப் போட்ட கார் மாதிரி என்னை வச்சிருக்கிறீங்கள். செத்தாலும் நடந்து சாகிறன்.” அவர் கோட்டைக்குள் ஏறும் மலைவீதியை நோக்கி நடக்க, பேணாட் கதிரையைத் தூக்கிக்கொண்டு மன்றாடியவாறு பின்தொடர்ந்தார். முதல் வளைவில் எதிரே வந்த வாகனங்கள் விளக்கெரித்தன, கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் ஒதுங்கின. ஒவ்வோர் அடியையும் மனைவியின் கடைசி அடியென எண்ணி, பேணாட் செவியைக் கூர்மையாக்கினார். இரண்டாம் வளைவில் மரியமலருக்கு வியர்த்தது. புகை மெலிந்தது. உச்சியை அடைந்தபோது அது முற்றாக நின்றிருந்தது.

“எஞ்சின் சூடேற முதல் வாற வெள்ளைப் புகையைப் பாத்து ஆரும் பயப்பிடுவினமோ?” என்று மரியமலர் கேட்டார். “மதிலுக்கு இஞ்சால இருந்து எத்தினை தரம் கேட்டனான், நீங்கள் ஆக்களுக்குச் சொல்லுறதை. அது வெறும் ஈரம், ஓடினால் போயிடும் எண்டு.”

“ஓம்,” என்றார் பேணாட். “உமக்கெண்டதும் மறந்து போச்சு.” தூக்கி வந்த கதிரையில் அவரே அமர்ந்தார்.

அன்று தொடக்கம் மரியமலர் நாள்தோறும் விடியலில் வெண்புகை விடுகிறார். முற்றம் கூட்டி முடிப்பதற்குள் அது தீர்ந்துவிடுகிறது. அயலவர் அதனைப் பனியைப் போலக் கடந்து செல்கின்றனர். கடைசி இழையும் கலையும்வரை பேணாட் பட்டறையைத் திறப்பதில்லை. மழை நாட்களில் நான்கு நிமிடங்கள் கூடுதலாகும். அந்நான்கு நிமிடங்களும் அவர் வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.