மாடிப்படி விளக்கு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே கம்பி தேவையில்லை என்ற மாபெரும் உண்மையை மனிதகுலம் கண்டறிந்தது 1997ஆம் ஆண்டு, சோமனூரில், ஒரு பீரோவுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில். கண்டறிந்த மனிதகுலம் மொத்தம் மூன்று பேர். ஒருவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த கலீல் ரஹ்மான். அவருக்கு இதில் ஆர்வமில்லை. மற்ற இருவர் ஆல்வினும் கிருபாவதியும். அவர்களுக்கு இந்த உண்மையால் என்ன விளைந்தது என்பதுதான் கீழே வரும் வரலாறு.

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் போகும் சாலையில் ஒரு பழைய பஞ்சு குடோனுக்கு வெள்ளையடித்து, முந்தின வருடம்தான் சமுதாயக் கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். பத்தாவது தேறியவர்களும் தேறாதவர்களும் ஒரே வருடத்தில் கையில் ஒரு தொழிலோடு வெளியே வரவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். திறப்பு விழாவில் முதல்வர் பிரான்சிஸ், "இன்று முதல் இந்த வட்டாரத்தில் இருள் என்ற சொல்லுக்கே இடமில்லை" என்று முழங்கி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மைக் இல்லாமலே அவர் அரை மணி நேரம் தொடர்ந்து பேசினார்; முன்வரிசையைத் தவிர வேறு யாருக்கும் சேதமில்லை.

தையலுக்கும் நர்ஸ் உதவியாளர் படிப்புக்கும் பெண்கள் போனார்கள். வயரிங் வகுப்புக்கு வந்த ஒரே பெண் கிருபாவதி. ஊர் பெரியநாயக்கன்பாளையம்; கருமத்தம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். அப்பா தேவதாஸ் பம்ப் கம்பெனியில் ஃபோர்மேன், சி.எஸ்.ஐ. சபைக் கமிட்டியில் செயலாளர், இரண்டு இடத்திலும் ஒரே குரலில் பேசுகிறவர். ஆல்வின் சோமனூர்க்காரன், ஆர்.சி. அப்பா இல்லை, அம்மா சின்னத்தாயி விசைத்தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு குடும்பத்துப் பாட்டன்மாரும் ஒன்றுபோலவே அடுத்தவர் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தவர்கள்தான். ஞானஸ்நானம் கொடுத்த மிஷன்கள் மட்டும் வேறு. அது போதும், பேரப்பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு.

அந்த வருடத்தின் உச்சப் பாடம் மாடிப்படி வயரிங். ஒரு விளக்கு, இரண்டு டூ-வே ஸ்விட்சுகள். கீழே நிற்பவர் போடலாம், மேலே போனவர் அணைக்கலாம். வகுப்பில் ஒருவர் வீட்டிலும் மாடி கிடையாது என்பதால் எல்லோரும் பயபக்தியோடு கேட்டார்கள். தியரியில் ஆல்வினை அடிக்க ஆளில்லை. 'டூ-வே ஸ்விட்சுக்கு ஆன் என்றோ ஆஃப் என்றோ நிலையான பக்கம் கிடையாது; விளக்கைப் பார்த்தால்தான் தெரியும்' என்று பரீட்சையில் அடிக்கோடிட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கினான். செய்முறையில் அவனும் கிருபாவதியும் ஒரே பலகைக்கு வயரிங் செய்தார்கள். டெஸ்டர் அவள் கையில், ஸ்க்ரூ டிரைவர் இவன் கையில். "முறுக்குனது போதுங்க ஆல்வின், மரம் அழுவுது" என்று அவள் சொன்ன அன்றே விஷயம் முடிந்துவிட்டது என்று பின்னால் அவன் நினைத்துக்கொள்வான். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்ப்பது அவன் வழக்கம்.

அந்தப் பலகைக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு என்னவென்றால் அந்தப் பலகையேதான். செய்தவர்கள் இரண்டு பேர், பலகை ஒன்று, யார் எடுத்துப்போவது என்ற கேள்வி எழுந்தது. ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் சண்டையிட்டபோது அதை அறுத்துக் கொடுக்கச் சொன்ன அரசனைப் பற்றிப் பிரான்சிஸ் கோயிலில் கேட்டிருக்கிறார். கடைசியில் அந்த அரசன் அறுக்கவில்லை என்ற இடம் வருவதற்குள் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. தச்சரை வரவழைத்தார். மேடையில் வைத்தே பலகையை ரம்பத்தால் நடுவே அறுத்தார்கள்; கூட்டம் கைதட்டியது. விளக்கும் ஒரு ஸ்விட்சும் இருந்த பாதி கிருபாவதிக்குப் போனது. வெறும் ஸ்விட்சும் வெட்டுப்பட்ட இரண்டு மூன்று கம்பிகளும் இருந்த பாதி ஆல்வினுக்கு.

அவன் அதை வீட்டில் பீரோவுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே ஆணியடித்து மாட்டினான். எதற்கும் இணைப்பில்லாத ஸ்விட்ச் என்பதால், தறிக்குடோன்களில் மோட்டார் பார்த்துவிட்டு வரும் சாயங்காலங்களில் யோசனையாக அதைத் தட்டிக்கொண்டிருப்பான். சில வாரம் கழித்துக் கலீல் ரஹ்மான் ஆளனுப்பினார், படிப்பு முடிந்து பெரியநாயக்கன்பாளையம் திரும்பியிருந்த கிருபாவதியிடமிருந்து போன் வந்திருக்கிறதென்று.

"ஏனுங்க ஆல்வின், நேத்து சாயந்திரம் அந்த ஸ்விட்ச்ச நோண்டீட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க. ஏனுங்க?"

"எங்கூட்டுல மாட்டுன பலகை லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணையுதுங்க. எங்கப்பா சபைல சொல்லி ஜெபமே வெச்சுட்டாரு."

இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். கிருபாவதி தன் பாதிப் பலகையை அப்பாவின் கம்பெனிக்குக் கொண்டுபோய், அவள் பேசும் போனுக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்தாள். கலீல் ரஹ்மான் கடையில் ரிசீவரைப் பிடித்துக்கொள்ள, ஆல்வின் வீட்டுக்கு ஓடித் தட்டிவிட்டு வருவான். அவள் தட்டினாலும் மாறியது, அவன் தட்டினாலும் மாறியது. நடுவே நாற்பது கிலோமீட்டரும், கோயம்புத்தூர் என்ற நகரமும், கம்பியே இல்லாத காற்றும் இருந்தன. "போன் வயரே இல்லாம செல்போனு வந்துருச்சாமா. இதென்ன பெரிய அதிசயம்? பில்லைக் குடுத்துட்டுப் பேசுங்க" என்றார் கலீல் ரஹ்மான். முதல்வர் பிரான்சிஸிடம் ஆல்வின் போய்ச் சொன்னான். கம்பியில்லாமல் நடப்பது பாடத்திட்டத்தில் இல்லாததால் அது நடக்கவில்லை என்று அவர் விளக்கினார்.

அதன்பின் சாயங்காலங்களில் ஆல்வின் ஒரு தரம் தட்டுவான். வேலை முடிந்து வந்துவிட்டேன் என்று அர்த்தம். அவள் அங்கே அதை மாற்றிப் போட்டுவிட்டுச் சோறாக்கப் போவாள். தன் தட்டலுக்கு என்ன ஆனதென்று அவனுக்குத் தெரியாது. விளக்கு அவள் பக்கம் இருந்தது. அவனிடம் இருந்தது ஒரு சத்தம் மட்டும்தான்.

இப்படியே சில மாதம் போனது. ஐப்பசியில் மறுபடி போன் வந்தது. மேட்டுப்பாளையத்தில் பள்ளிக்கூடத்துக் கிளார்க்காக இருக்கும் ஜேக் என்பவனுக்கு அவளைப் பேசியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபை ஆயரை வைத்து ஜெபம் செய்து தேவதாஸ் வாக்குக் கொடுக்கப் போகிறார். கிருபாவதி வளைத்துப் பேசுகிறவள் அல்ல.

"உங்களுக்கு மனசிருக்குதுங்களா?"

ஆல்வின் இருக்கிறது என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் கலீல் ரஹ்மான் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்பிடின்னா ஞாயித்துக்கெழம வந்து எங்கப்பாகிட்டக் கேளுங்க. கெளம்பறப்ப ஒருவாட்டி லைட்டப் போட்டுட்டு பஸ்ஸேறுங்க. எரிஞ்சா நான் எந்திரிச்சு, ஆள் வந்துட்டிருக்குது, பொறுங்கன்னு சொல்லிப்போடறேன்."

"எரியலீன்னா?"

"எரியலீன்னா எரியலீங்க."

சின்னத்தாயி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவுங்கூட்ல மாதா படமே இருக்காதாமா கண்ணு" என்றாள். பிறகு அவளே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஆல்வின் பவுடர் போட்டு, செருப்பு மாட்டி, பீரோவுக்கும் குடத்துக்கும் நடுவே நின்று ஸ்விட்சைத் தட்டினான். தட்டிவிட்டு வாசல்படி வரை போனான். அங்கே அவனுடைய தியரி அவனைப் பிடித்துக்கொண்டது. ஆன் என்றோ ஆஃப் என்றோ நிலையான பக்கம் கிடையாது. ஒருவேளை விருந்தாளிகளுக்குக் காட்டவென்று தேவதாஸ் ஏற்கெனவே விளக்கைப் போட்டிருந்தால்? தான் தட்டியது அதை அணைத்திருந்தால்? திரும்பி வந்து மறுபடி தட்டினான். இப்போது, முதலில் அது அணைந்துதான் இருந்ததென்றால், எரிந்ததைத் தானே அணைத்துவிட்டோமே என்று தோன்றியது. மூன்றாம் தரம் தட்டினான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சாமி" என்றாள் சின்னத்தாயி.

"இரும்மா. பாத்துட்டுப் போறேன்."

எதைப் பார்ப்பது? விளக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பூத்துக்கு ஓடினான், ஞாயிற்றுக்கிழமை, கிருபாவதி பேசும் கம்பெனி போனை எடுக்க அங்கே ஆளில்லை. திரும்பி வந்து தட்டினான். நாலரை பஸ் போனது. அஞ்சேகால் பஸ்ஸும் போனது. இருட்டும்வரை அவன் தட்டிக்கொண்டே நின்றான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் தேவதாஸ் அந்தப் பாதிப் பலகையை வரவேற்பறையில் நட்டநடுவே மாட்டி, என் மகள் டெக்னாலஜி படித்தவள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஆயர் ஜெபத்தைத் தொடங்கினார். விளக்கு தானாக எரிந்தது. அணைந்தது. எரிந்தது. தேவதாஸ் வோல்டேஜ் என்றார். ஆயர் கண்ணைத் திறந்து பார்த்து, ஆண்டவர் சம்மதம் சொல்கிறார் என்றார். தொழில்நுட்பமும் பரலோகமும் ஒருசேர ஒப்புக்கொண்ட பின் வாக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? தை மாதம் கல்யாணம். பலகையும் சீரோடு மேட்டுப்பாளையம் போனது.

ஆல்வின் லைசென்ஸ் வாங்கினான், ஸ்கூட்டர் வாங்கினான், சோமனூரில் பெயர் வாங்கினான். பெண் பார்க்க அம்மா கூப்பிட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்றான். அன்று தான் போட்டது எரிந்ததா, அணைந்ததா என்ற கேள்வி மட்டும் பல்லிடுக்கு நார்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கை தானாகப் போய் ஸ்விட்சைத் தட்டும்.

1999இல், ஞாயிறானால் அடுப்படி விளக்கு தானாக எரிந்து அணைகிறது, உள்ளூர் எலக்ட்ரீசியன்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று ஜேக் சமுதாயக் கல்லூரிக்கே போன் செய்தான். முதல்வர் பிரான்சிஸ், 'என் கையால் வார்த்தெடுத்த மாணவன்' என்று சொல்லி ஆல்வினை அனுப்பினார். யார் வீடு என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கதவைத் திறந்தவள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"வாங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் யார் வந்தாலும் சொல்கிற வாங்கதான்.

ஜேக் நல்லவன். டீ கொடுத்தான், ஸ்டூல் பிடித்தான், தன் சந்தேகங்களை எல்லாம் சொன்னான், பிறகு குழந்தைக்கு பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போனான். ஆல்வின் ஸ்டூல் மேல் நின்றபடியே, பலகையைப் பார்த்துக் கேட்டான்.

"அன்னிக்கு நான் தட்டுனேனுங்க கிருபா. எரிஞ்சுதா அணைஞ்சுதான்னுதான் தெரியல."

"மொதவாட்டியே எரிஞ்சுதுங்க" என்றாள். "எந்திரிச்சுட்டேன்."

குழந்தை ஸ்க்ரூ டிரைவருக்குக் கை நீட்டியது.

"அப்பறம் அணைஞ்சுது. எங்கப்பா ஏன் கண்ணு எந்திரிச்சேன்னாரு. தண்ணி குடிக்கன்னு சொன்னேன். மறுக்கா எரிஞ்சுது. மறுக்கா அணைஞ்சுது. பஸ்ஸேறுன ஆளு எப்பிடிங்க அங்கியே நின்னு ஸ்விட்ச்சத் தட்டுவாரு? வரமாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. உக்காந்துட்டேன்."

முழு மதிப்பெண் வாங்கிய விடையில் இது இல்லை. கழற்றிய திருகாணியை ஆல்வின் மறுபடி முறுக்கினான். மரம் முனகும்வரை முறுக்கினான். வாசலில் ஜேக்கின் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் அவள் பேசினாள், குரலைத் தாழ்த்தாமலே.

"தட்டறதுன்னா ஆறரைக்கு ஒருவாட்டி தட்டுங்க. புள்ளைக்கு சோறூட்டற நேரம், கை ஒழியாது. படுக்கறப்ப நானே அணைச்சுக்கறேன்."

ஸ்விட்சில் பழுதில்லை என்று ஆல்வின் ஜேக்கிடம் சொன்னான். ஸ்கூட்டரில் சோமனூர் வந்து சேர்ந்தபோது ஆறரைக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. பீரோவுக்கும் குடத்துக்கும் நடுவே நின்று காத்திருந்து, ஒரே ஒரு தரம் தட்டினான். பிறகு வெளியே போய்ச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

அன்றிலிருந்து தினமும் அவன் போட, அவள் அணைத்தாள். பாடத்தில் இருந்தபடியே. விளக்கு தானாக எரிவதற்கு ஜேக்கும் பழகிவிட்டான்; ஆறரை ஆனால் கடிகாரத்தைப் பார்க்காமலே சரி என்று சொல்லிக்கொள்வான். மறு வருடம் பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ட்யூப் லைட் மாட்டினான். அதுவும் அப்படியேதான் எரிந்தது. ஸ்டார்ட்டர் மட்டும் அடிக்கடி போயிற்று.