கொடி உங்களுது, கம்பம் எங்களுது

பவுலின் ஆக்சா பிளேடைப் பூட்டின் மேல் வைத்து இழுத்தாள். கிறீச்சென்ற சத்தத்தில் கோயில் புறாக்கள் கலைந்து பறந்தன.

"வேகமா அறும்மா," என்றார் பின்னால் நின்ற மதலைமுத்து. "ஜனம் வந்துட்டாங்க."

ஆஸ்டின் டவுன் மாதா கோயில் வாசலில் கொடியேற்றத்துக்குத் தமிழ்க் கூட்டம் காத்திருந்தது. கொடியோ பேரவை பூட்டி வைத்த இந்த ஷெட்டுக்குள். திருவிழாவைத் தமிழர்களே நடத்திக்கொள்ள, வேற்று மொழிக்காரர் நிறைந்த கோயில் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையிடம் போராடித் தன்னாட்சி வாங்கியவர் மதலைமுத்து. இருபது வருடம் விழாக்குழுத் தலைவர். போன மாதத் தேர்தலில் அந்த நாற்காலி பவுலினுக்குப் போயிருந்தது. இன்று கொடி ஏறாவிட்டால் தன்னாட்சியே பறிபோகும்.

பூட்டு அறுந்து விழுந்தது.

"சூப்பர், ஆன்ட்டி."

பேரவைச் செயலாளர் ஷெர்வின். கையில் போன், கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குடா படம் புடிக்கிற?" என்றாள் பவுலின்.

"பேரவை சொத்தை உடைச்சா தன்னாட்சி கேன்சல். அதைக் குடுக்கும்போதே பேசினது."

பவுலின் பிளேடைக் கீழே இறக்கினாள். "எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"தன்னாட்சின்னா தனி நாடுன்னு நெனச்சீங்களா? கொடி உங்களுது, கம்பம் எங்களுது. பாட்டு உங்களுது, மைக் எங்களுது."

"அப்ப நாங்க விடுற மூச்சு?"

"உங்களுதுதான். மைக் இல்லாம விடுங்க."

"பொறுக்கி மாதிரி பேசாத, ஷெர்வின். பூட்டினது நீ. மத்தியானத்துலேர்ந்து சாவிக்குப் போன் போடுறேன், எடுக்கவே இல்ல."

"எடுத்து என்ன சொல்றது? சாவியைக் காலையிலேயே உங்க ஆளுகிட்ட குடுத்தாச்சு."

"எந்த ஆளு?"

ஷெர்வின் போனை மெல்லப் பக்கவாட்டில் திருப்பினான். பவுலினும் திரும்பினாள்.

"அண்ணா?"

மதலைமுத்து அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாசலில் கூட்டம் மாதா பாட்டைத் தொடங்கியிருந்தது.

"ரத்தம் சிந்தி வாங்கின தன்னாட்சி, பவுலின்," என்றார் நிதானமாக. "இன்னொருத்தர் ஆள்றதுக்கு நான் அதை வாங்கல."

வேட்டி மடிப்புக்குள் கை விட்டு, ஷெட் சாவியை எடுத்து அவள் காலடியில் போட்டார்.