கல்யாணத்தன்று இருந்த அளவு

பிடித்துத் தைக்க வேண்டிய பேண்ட்டுகள் மிஷின் பக்கத்தில் குவிந்து கிடந்தன. முதலாளி சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டார்.

"இதை முதல்ல முடிச்சிரும்மா. சாயங்காலம் வருவான். அளவே எடுக்க விடமாட்டேன்கிறான். 'கல்யாணத்தன்னிக்கு இருந்த இடுப்புக்குப் பிடிக்கச் சொல்லுங்க, தைக்கிறவங்களுக்குத் தெரியும்'கிறான். சரியான லூசு."

அவள் இடுப்புப் பட்டியைப் பிரித்தாள். உள்ளே நீல நூல். கறுப்பு நூல் தீர்ந்துபோன அன்று புருஷனுக்காக அவளே போட்ட தையல். அவள் கையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போன புருஷன். அடுத்த வருஷம்தான் விடுவார்கள் என்றல்லவா சொன்னார்கள்!

வழக்கைப் பார்த்த பெண் போலீசுக்குப் போன் போட்டாள்.

"ஆமாம்மா, போன வாரமே விட்டுட்டாங்க. நன்னடத்தையாம். உங்களுக்குச் சொல்ல ஆள் அனுப்பினோம், பழைய வீடு பூட்டியிருந்துச்சு."

"அவனுக்குப் பயந்துதானே மேடம் வீடு மாறினேன்? உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே மாறினேன்?"

"சரி, இப்ப வந்து தகராறு பண்ணானா?"

"பேண்ட் குடுத்திருக்கான்."

"பேண்ட் குடுக்கிறது குத்தமில்லையேம்மா. கிட்ட வந்தா உடனே கூப்பிடுங்க."

"இன்னும் எப்படி மேடம் கிட்ட வரணும்? மடியில கிடக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "வெளிய தலை காட்டாதீங்க."

விஷயத்தைக் கேட்டு முதலாளி ஆடிப்போனார். அவள் வீசியெறிந்த பேண்ட்டைக் குனிந்து எடுத்துத் தூசி தட்டினார்.

"தைக்காம விட்டா இங்கயே கலாட்டா பண்ணுவான்மா. குடுத்து அனுப்பிடலாம். நீ உள்ரூம்ல உட்காரு. நான் இருக்கேன்ல."

துணிமூட்டை போடும் அறைக்கு ஜன்னல் கிடையாது. மிஷினை அங்கே தூக்கி வைத்தார்கள். கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு போனார். கையை உடைத்தவன் கடைத்தெருவில் உலாத்துகிறான், எனக்கு மூட்டை அறையா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பாழாய்ப்போன கைக்கு அந்த அளவு மறக்கவும் இல்லை. தைத்து முடித்ததை முதலாளி வாங்கிக்கொண்டு மறுபடி தாழ் போட்டார்.

சாயங்காலம் அந்தக் குரல் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. போட்டுப் பார்க்கிறான் போல. அவள் கத்தரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கச்சிதமா இருக்கு. மறக்கலை பாருங்க," என்றான், உள்ளறைக்குக் கேட்கும்படி. "வீட்டுல இன்னும் நாலஞ்சு இருக்கு. தினம் ஒண்ணா கொண்டுவரேன்."

வியாபாரம் செய்து பழகிய வாய். "வாங்க சார்" என்றார் முதலாளி.